நான் எழுதாத ராஜினாமா

தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணியாக, அதாவது கிடங்குக் குமாஸ்தாவாக இருப்பவன் ஒரு நாளில் போடுகிற கையெழுத்தைப் பெரிய நடிகர்கள்கூட ஒரு மாதத்தில் போடமாட்டார்கள். பெட்டி வந்தால் கையெழுத்து, பெட்டி போனால் கையெழுத்து, பெட்டி வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஒரு கையெழுத்து. பினாங்கின் பாயான் லெப்பாஸில் இருபத்து நான்கு வருஷம் அப்படிப் போட்டுப் பழகிய என் கை, ஒரே ஒரு தாளில் மட்டும் போட மறுத்தது. ஆட்குறைப்புச் சமயத்தில், 'நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்' என்று கேட்கப்பட்ட, இனிமேல் கேட்கப்படப்போகிற சகோதர சகோதரிகளுக்காக அந்தச் சில வாரங்களைச் சொல்கிறேன்.

மைலோ வைத்த அறை

எங்கள் கம்பெனியில் ஆர்டர் குறைந்து, மூன்று உற்பத்தி லைன்களில் இரண்டை நிறுத்தினார்கள். அடுத்த திங்கட்கிழமை, மாடியிலிருந்த சின்ன மீட்டிங் அறையில் மைலோ பானம், பிஸ்கட், ஒரு பெட்டி டிஷ்யூ எல்லாம் வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. அதற்குமுன் அந்த அறையில் எங்களுக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. மைலோவைப் பார்த்தே நாங்கள் உஷாராகியிருக்க வேண்டும்.

முதலில் கூப்பிடப்பட்டவர் சேகர். மெஷின் டெக்னீஷியன், கெலுகோரில் என் பக்கத்து வீட்டுக்காரர். மனிதவளப் பிரிவு அதிகாரி மிஸ் சாந்தி அவரிடம், "கம்பெனி நிறுத்தினா உங்க பேரு கெட்டுப்போகும். நீங்களா ரிசைன் பண்ணினா அடுத்த வேலை சுலபமா கிடைக்கும்" என்று இனிமையாகச் சொன்னாராம். கம்பெனி நிறுத்தினால் நஷ்டஈடு தர வேண்டும், நாமாக விலகினால் ஒன்றும் தரவேண்டியதில்லை என்பதைச் சொல்ல மட்டும் மறந்துவிட்டார். பத்தே நிமிஷத்தில் சேகர் வெளியே வந்தார். மீசையில் பிஸ்கட் தூள். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பிஸ்கட் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே. எதுல கையெழுத்துப் போட்டேன்னுதான் சரியா தெரியல."

சொந்தக் காரணம்

புதன்கிழமை என் முறை. என் பெயரில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த கடிதம் மேசைமேல் தயாராக இருந்தது. பேனாவின் மூடியைக்கூடத் திறந்து வைத்திருந்தார்கள். 'சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்றிருந்தது. எனக்குச் சொந்தம் என்று இருந்தவள் மூன்று வருஷத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். வேலை என்று ஒன்று இருப்பதால்தான் காலையில் எழுந்து சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். அதையும் விட்டுவிட எனக்கு என்ன காரணம் இருக்க முடியும் என்று யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

"வீட்டுல தனியாத்தானே இருக்கீங்க அங்கிள், ரெஸ்ட் எடுங்க" என்றார் சாந்தி. நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனில்லை. ஆங்கிலத்தை விரல் வைத்து, வரி வரியாகத்தான் படிப்பேன். ஒரு தடவை முடித்து, மறுபடியும் மேலேயிருந்து ஆரம்பித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாமா என்று கேட்டதற்கு, கடிதம் வெளியே போகக் கூடாது, ஐந்து மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றார். ஏர்கோன் குளிரில் உட்கார்ந்திருந்தும் அவருக்கு வியர்த்தது.

"எல்லாரும் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்காங்க லா. நீங்க ஒருத்தர்தான் அங்கிள் படிக்கிறீங்க!"

சிவப்பு ஸ்டிக்கர்

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். எனக்கு அடுத்தது மேரி அக்கா. தரப் பரிசோதனையில் இருபது வருஷம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவர் கையைத் தாண்டும் எந்தப் பெட்டியிலும், தயாரித்தவர் ஒரு கையெழுத்து, சோதித்தவர் ஒரு கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் போட்டுவிட்டால் தொலைந்தது. சிவப்பு நிறத்தில் 'ஹோல்டு' ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். காரணத்தை எழுதிக் கொடுக்கும்வரை அந்தப் பெட்டி இருந்த இடத்தைவிட்டு நகராது. மேனேஜரே வந்து கெஞ்சிப் பார்த்திருக்கிறார்.

கதவு திறந்திருந்ததால் நடந்ததை நான் வாசலிலிருந்து பார்த்தேன். "இதை யாரு தயார் பண்ணினது?" என்று கேட்டார் அக்கா. "நாங்கதான் டைப் பண்ணினோம்." "அப்ப நீங்கதானே கையெழுத்துப் போடணும்?" சாந்தி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்துக் கடிதத்தின் நட்டநடுவில் ஒட்டினார். 'எனக்கு விலக விருப்பமில்லை. எனக்குக் கொடுக்க வேலை இல்லையென்றால், கம்பெனி அதை எழுதித் தரவும்' என்று எழுதினார். ஸ்டிக்கரில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதி, தேதியும் நேரமும் போட்டார். தன் கைத்தொலைபேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து நின்ற என்னிடம் வந்தார்.

"என்ன தம்பி முழிக்கிறே? காரணம் இல்லாத பெட்டியை என்னைக்காவது நான் விட்டிருக்கேனா?"

காலித் தட்டுகள்

அக்கா அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது. ஐந்து மணிக்குமுன் ஸ்டோரில் உட்கார்ந்து, யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள் என்று ஒரு தாளில் எழுதினேன். அதையே சாந்திக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். கடைசி வரி: 'நான் விலகவில்லை. நாளைக் காலை வழக்கம்போல் வேலைக்கு வருவேன்.'

காலையில் போனால், என் கணினியைக் காணோம். சுவரைப் பார்த்த ஒரு மேசை, பக்கத்தில் மலைபோல, சாமான் அடுக்கும் காலிப் பிளாஸ்டிக் தட்டுகள். இன்று எண்ண வேண்டும். நாளைக்கு அதையே திரும்ப எண்ண வேண்டும். வெட்கப்பட்டு நானாகவே ஓடிவிடுவேன் என்ற நினைப்பு. வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்காரவே சிலர் யோசித்தார்கள். ஆனால், மனைவி போன வீட்டில் மூன்று வருஷம் இருந்தவனுக்கு, பேசாமல் சுவரைப் பார்த்து உட்காருவதில் நல்ல தேர்ச்சி உண்டு என்பதை அவர்கள் கவனிக்கத் தவறிவிட்டார்கள். எண்ணினேன், எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது வாரம் சாந்தி வந்து எட்டிப் பார்த்தார். "நேத்தும் இதே எண்ணிக்கைதானே அங்கிள்?" என்றார். "தட்டு குட்டி போடலையேம்மா" என்றேன். அவர் சிரிக்கப் போய், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்குத்தான் அங்கிள் இந்தப் பக்கம் வரவே வெக்கமா இருக்கு."

நாலு பேருக்கும் ஒரே காரணம்

கையெழுத்துப் போட்டுவிட்ட சேகர் வீட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். வற்புறுத்தி வாங்கிய ராஜினாமா வேலைநீக்கத்துக்குச் சமம், அறுபது நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் புகார் கொடுக்கலாம் என்று மேரி அக்கா எங்கேயோ விசாரித்து வந்து சொன்னார். ஒரு நாள் லீவு எடுத்துச் சேகரைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம், "படிக்காம ஏன் போட்டேன்னு கேட்டா என்ன அண்ணே சொல்றது?" என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

இலாகாவின் முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண்மணி அதைக் கேட்கவேயில்லை. கையெழுத்து வாங்கிய பிறகு சேகருக்குக் கொடுத்திருந்த கடித நகலைப் படித்தார். சேகரோடு வேலை செய்த மூன்று பேர் அனுப்பிய நகல்கள் அவர் கைத்தொலைபேசியில் இருந்தன, அவற்றையும் படித்தார். பெயரைத் தவிர ஒரு எழுத்து மாறவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, சேகரை மலாயில் மரியாதையாக விளித்துக் கேட்டார்.

"என்சிக், நாலு பேருக்கும் ஒரே நாளில் ஒரே சொந்தக் காரணமா?"

கடைசி நாள்

இலாகாவில் இரு தரப்பையும் வைத்து நடந்த இரண்டு சந்திப்புகளுக்குப் பிறகு கம்பெனி சேகருக்கு நஷ்டஈடு தர ஒப்புக்கொண்டது. எனக்கும் அக்காவுக்கும் முறையான ஆட்குறைப்புக் கடிதமே வந்தது. 'உங்களுக்குக் கொடுக்க எங்களிடம் வேலை இல்லை' என்று தெளிவாக எழுதி, நஷ்டஈட்டையும் குறிப்பிட்டு, மேனேஜர் கையெழுத்துப் போட்டிருந்தார். பெற்றுக்கொண்டதற்கு நான் ஒரு கையெழுத்துப் போட்டேன். அது என்னுடையதுதான், தயங்காமல் போட்டேன்.

சாவிகளை ஒப்படைத்துவிட்டுப் பையை எடுத்தேன். சீன மேனேஜர் வாசல்வரைக்கும் கூடவே வந்தார். இருபத்து நான்கு வருஷத்தில் அவர் அவ்வளவு தூரம் என்னோடு நடந்ததில்லை. வழியனுப்பத்தான் வருகிறார் என்று மனம் கொஞ்சம் இளகியது. காவலர் சாவடி அருகில் அவர் மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு மலாயில் கேட்டார்.

"அங்கிள், அடுத்த வாரம் ஒரு ரெண்டு நாள் வந்து, ஸ்டோர்ல எந்தச் சாமான் எங்கே இருக்குன்னு காட்டிட்டுப் போக முடியுமா?"

கொடுக்க வேலை இல்லை என்று எழுதிய மை காய்வதற்குள் வேலைக்குக் கூப்பிடுகிறவரிடம் வேறென்ன சொல்வது? அதையும் எழுத்தில் தரும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.