நைட்ரிக் மஞ்சள்

தொண்ணூறுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் நான் தோல் ஷாப்பு என்று ஊரில் சொல்லும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரை நைட்ரிக் அமிலம் ஊற்றிக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். ஊரைச் சுற்றியுள்ள கிணறுகளில் குரோமியம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சி. "கழிவுத் தண்ணியக் காய்ச்சத் தெரியுது, ஒரு வாய் காப்பி காய்ச்சத் தெரியல" என்பது அதைப் பற்றி அம்மாவின் கருத்து.

என் நெறியாளர் அமிலத்துக்குப் பயந்தவர் இல்லை, செலவுக்குப் பயந்தவர். விதிகளை மட்டும் வாய் வலிக்காமல் சொல்வார். தண்ணீரில் அமிலத்தை ஊற்று, அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதே. புட்டியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்காதே. முந்தானையை இழுத்துச் செருகு. கையுறை இல்லாமல் தொடாதே. எல்லாம் சரிதான், ஆனால் அந்த ஆய்வகத்துக்கே இருந்தது ஒரே ஒரு ஜோடி ரப்பர் கையுறை. அதிலும் வலது கையில் ஓட்டை.

புதிது வேண்டும் என்று கேட்டேன். "ஓட்டைதானம்மா, கிழியலயே" என்று சொல்லி, என்னை எதிரே இருந்த சைக்கிள் கடைக்கு அனுப்பினார். மானம் போகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். கடைக்காரர் கையுறைக்குப் பம்பில் காற்றடித்தார். அது ஆட்டு மடி மாதிரி உப்பி நின்றது. தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்து, "மூணு விரல்ல பஞ்சரும்மா" என்றார். ஒட்டிக் கொடுக்கும்போது, "டியூப்புன்னா நான் பொறுப்பு. இதுக்குக் கேக்காதீங்க" என்றும் சொன்னார். நேர்மையான மனிதர்.

மறுவாரமே, நைட்ரிக் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒட்டு விட்டுக்கொண்டது. அமிலம் உள்ளே இறங்கி, கையுறைக்குள்ளேயே குடித்தனம் நடத்தியது. கழற்றி எறிந்துவிட்டு ஓடிப்போய்க் குழாயைத் திறந்து கையைப் பிடித்தேன். கொப்புளம் வரவில்லை. ஆனால் எரிச்சல் அன்று முழுக்க இருந்தது. அடுத்த நாள் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் பளிச்சென்று மஞ்சள். தோலில் இருக்கிற புரதம் நைட்ரிக் அமிலம் பட்டால் அப்படித்தான் ஆகும். சோப்புக்கும் போகாது, எலுமிச்சைக்கும் போகாது, தோல் உரிந்தால்தான் போகும். நெறியாளரிடம் காட்டினேன். "புரதச் சோதனை பாசிட்டிவ்" என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே நகைச்சுவை அது. அது என் விரலில்தான் நடக்க வேண்டுமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேடசந்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. கல்யாணத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆய்வேட்டில் இன்னும் இரண்டு அத்தியாயங்கள் பாக்கி, அதை முடிக்க விட்டால் போதும். அம்மாவோ, "மாப்பிள்ள வீட்ல கேட்டுட்டு முடிச்சுக்க" என்றாள். அப்படிக் கேட்டு முடித்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

அன்று காலை மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா என் விரல்களைக் கவனித்தாள். தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தாள். பாத்திரமாக இருந்தால் வெளுத்திருக்கும். கடைசியில் அவளுக்கே ஒரு யோசனை தோன்றியது. "கேட்டா மஞ்சள்னு சொல்லிருவோம். நீ வாயத் தொறக்காத, நான் சொல்லிக்கிறேன்."

பையனின் அம்மா காப்பித் தட்டை வாங்கும்போதே விரல்களைப் பார்த்துவிட்டார்.

"ஏங்க, இங்க பாருங்க, மஞ்சள் விரலு! இந்தக் காலத்துல எந்தப் பிள்ள அம்மியில மசாலா அரைக்குது?"

"ஆமாங்க. இவ அரைச்சாத்தான் எங்களுக்குக் கொழம்பு வெஞ்சனமே எறங்கும்" என்றாள் அம்மா, வாய் கூசாமல். எங்கள் வீட்டு அம்மிக் குழவி அப்போது தண்ணீர்த் தொட்டி மூடிக்குப் பாரமாக இருந்தது.

சாப்பாடானதும் அந்த அம்மா என்னையே வெற்றிலை மடித்துத் தரச் சொன்னார். ஆள்காட்டி விரலால் சுண்ணாம்பைத் தொட்டுத் தடவினேன். மஞ்சளாக இருந்த விரல் ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது. நைட்ரிக் கறை மேல் சுண்ணாம்பு மாதிரிக் காரம் பட்டால் அது வழக்கம்தான். மஞ்சளும் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். "பாத்தீங்களா, செவந்திருச்சு! அசல் மஞ்சள்" என்று அவர் வெற்றிலையை வாயில் அதக்கினார். வேதியியலே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

"தவக்காலம் பொறக்கறதுக்கு முன்னால கல்யாணத்த வச்சுருவோம். இந்தக் கைக்கு எதுக்கும்மா ஆராய்ச்சி? இம்புட்டுப் படிச்சது போதும். எங்க வீட்ல அம்மி சும்மாதான் கெடக்கு."

அம்மா என் காலை மிதித்தாள். மிதித்ததுதான் தப்பு, இல்லாவிட்டால் இன்னும் செத்த நேரம் பொறுத்திருப்பேன்.

"அது மஞ்சள் இல்லைங்க, நைட்ரிக் ஆசிட்" என்றேன்.

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. ஒரு கன்னம் உப்பியபடி அவர் என் விரலைப் பார்த்தார், பிறகு தாம்பூலத் தட்டைப் பார்த்தார்.

"ஆசிட்டா? கக்கூஸ் கழுவுறதா? அந்தக் கையாலயா வெத்தல மடிச்ச?"

கொல்லைக்கு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். பழக்க தோஷம், ஆய்வக விதிகள் தாமாக வந்தன. "முழுங்காதீங்க! துப்புங்க! கொப்பளிச்சுக்கிட்டே இருங்க!" என்று கத்தினேன். இப்போது விரலில் அமிலம் துளிகூட இல்லை, வெறும் நிறம்தான் என்பதைப் பிறகுதான் சொன்னேன். முதலில் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். பையன் மட்டும் சிரித்தான். அவன் அம்மா திரும்பிப் பார்த்ததும் அது இருமலாகிவிட்டது. ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். அந்தத் தகவல் இன்னும் வரவில்லை.

அம்மா அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இனிமே நீ லேபுக்குப் போக வேணாம்" என்று மட்டும் சொன்னாள். அப்பாவைப் பார்த்தேன். அவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க நான் வீட்டில் அரிசி புடைத்தேன். குரோமியம் கிணற்றில் கிடந்தது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது, அதையும் கோபமாகத்தான் காட்டினேன்.

சனிக்கிழமை அம்மா, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். மஞ்சள் என்று சொன்ன பொய் அவளை உறுத்தியிருக்கிறது. வந்தவள் முக்காட்டைக்கூட எடுக்காமல் என் முன்னால் உட்கார்ந்தாள்.

"சாமியாரு சிரிச்சுட்டாரு. அப்பறம், பிள்ளைக்குக் கை எரிஞ்சுதாம்மான்னு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல."

என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தோல் உரிய ஆரம்பித்திருந்தது.

"எரிஞ்சுச்சா?"

"எரிஞ்சுச்சும்மா" என்றேன்.

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன, மூதேவி" என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு என் கையை விடாமலே, "திங்கக்கெழம லேபுக்குக் கெளம்பு. பாதியில விட்டா எரிஞ்சது தெண்டமாப் போயிரும்" என்றாள்.