டிராயரில் கிடந்த ஐந்து எண்கள்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் நடுவில் பெயரைச் சொல்லச் சொன்னாலே எனக்குக் குரல் எழும்பாது. பில் புத்தகத்தைத் தவிர வேறு எதிலும் பேனா வைத்துப் பழக்கமில்லை. அப்படிப்பட்டவள் இன்னொருவரைப் பற்றி எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் இதை வாயால் சொல்ல எனக்கு வராது. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரும் எதிரில் இல்லை.

கடையில் என் மேஜையின் இரண்டாவது டிராயரில், அடியில் விரித்திருக்கும் செய்தித்தாளுக்குக் கீழே ஒரு கடிதம் இருக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. மூன்று பக்கமும் ஒட்டி, ஓரத்தைக் கிழித்துப் பிரிக்கிற மாதிரி வந்தது. வெளியே எங்கள் கடையின் பெயரும் விலாசமும். உள்ளே ஆங்கிலத்தில் சில வரிகள், நடுவில் பெரிதாக ஐந்து எண்கள். எண்களுக்குக் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று போட்டிருந்தது. நான் சொல்லவில்லை.

எங்கள் கடை அம்பத்தூர் எஸ்டேட்டில், பெரிய கம்பெனிகளின் பின்பக்கச் சுவர்களுக்கு நடுவே போகும் சந்தில் இருக்கிறது. பொக்லைன், கிரேன், டிப்பர் லாரி போன்ற வண்டிகளில் எண்ணெய் ஓடும் கறுப்பு ரப்பர் பைப்புகள் உண்டு. வேலைக்கு நடுவில் அது வெடித்தால் வண்டி அப்படியே நின்றுவிடும். அந்தப் பைப்பை அளந்து வெட்டி, இரண்டு முனையிலும் இரும்பு மூட்டு வைத்து மெஷினில் அழுத்திக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். அப்போது இரண்டு மெஷின், இரண்டு வேலைக்காரர்கள், ஓனர் அண்ணன், பில் போடவும் போன் எடுக்கவும் நான். பல வருடமாக ஒரே கம்பெனிதான் எங்களை ஓட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்விட்டது. அதன்பின் வழியில் நிற்கும் வண்டிக்காரர்கள் தேடி வந்தால்தான் மெஷின் ஓடும், இல்லையென்றால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான் என்ற நிலை. அண்ணன் அதை வெளியே சொல்லவில்லை. ஆனால் வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டால் டீயை வைத்துவிட்டு எழுந்து பார்ப்பார். அதற்கு முன்னால் அவர் எழுந்து பார்த்து நான் கண்டதில்லை.

அந்த நாட்களில்தான் மேடம் வந்தார். முப்பது வயது இருக்கும். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டே நடப்பார். கள்ளிக்குப்பத்தில் தன் வீட்டு முன்னறையையே ஆபீசாக வைத்திருப்பதாகச் சொன்னார். சின்னக் கடைகளை நெட்டில் தேடினால் முன்னால் வரும்படி செய்வது அவர் தொழில். சந்தில் எல்லோரும் அவரை நெட்டு மேடம் என்றார்கள்.

"இன்னா மேடம், போன்ல பேரப் போட்டா பைப்பு தானா வெடிச்சிடுமா?" என்று அண்ணன் முதல் நாளே கேட்டார்.

"வெடிக்காது சார். வெடிச்சவன் உங்ககிட்ட வருவான்."

அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது எதுவும் தர வேண்டாம், போன் வர ஆரம்பித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் மேடம் சொன்னார். அதுவே எனக்கு இடித்தது. ஒன்றும் வாங்காமல் யார் வேலை செய்வார்கள்?

மேடம் தன் போனில் மேப்பைத் திறந்து காட்டினார். எங்கள் கடை அதில் ஏற்கெனவே இருந்தது. "யாரோ டிரைவர் போட்டிருக்காரு சார். ஆனா இது உங்க கையில இல்ல. இப்ப யார் வேணா உள்ள போய் நம்பர மாத்தலாம். நீங்கதான் ஓனர்னு காட்டுறதுக்குத் தபால்ல ஒரு லெட்டர் வரும். அதுல இருக்கற நம்பர நான் போட்டேன்னா கடை உங்க கைக்கு வந்துடும்" என்றார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் காதில் தங்கியது ஒன்றே ஒன்றுதான்: வரப்போகும் எண்ணை இந்தப் பெண் நம்மிடம் கேட்பாள்.

பிறகு அவர் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். வண்டிக்காரர்கள் போனில் என்ன சொல்லிக் கேட்பார்கள் என்று விசாரித்தார். எங்கள் பலகையில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. 'பொக்லைன் பைப் வெடிச்சிருச்சி', 'ஆயில் பீச்சி அடிக்குது' என்றுதான் சொல்வார்கள். அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். "கடைக்காரங்க ஒரு பேர் வெப்பாங்க, தேடுறவங்க வேற பேர்ல தேடுவாங்க. ரெண்டுத்துக்கும் நடுவுல நிக்கறதுதான்க்கா என் வேலை" என்றார். எங்கள் வாடிக்கைக்காரர்கள் எங்களிடம் பேசுவதை இவர் ஏன் எழுதிக்கொண்டு போகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் அரித்தது. எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், எத்தனை மணிக்கு மூடுவீர்கள், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், கேட் எந்தப் பக்கம் என்றும் கேட்டார். எழுந்து போய் வாசலைப் படம் எடுத்தார். மெஷினை எடுத்தார். சந்து முனையிலிருந்து கடைவரை நடந்துகொண்டே எடுத்தார்.

நான் ஆவடியில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று கடைசிவரை வீட்டில் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட் எங்கே, ஷிப்ட் எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்று வெளியாள் கேட்டால் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுவோம். சுவர்ப் பக்கம் யாராவது கேமராவோடு நின்றால் ஓடிப்போய் காவலரிடம் சொல்வோம். எங்களுக்கு அது ஒரு விளையாட்டாகவே இருந்தது. கல்யாணமாகிக் கோவில்பதாகைக்கு வந்தபிறகும் அந்தப் புத்தி போகவில்லை. மேடம் கேட்டவை எல்லாம் நாங்கள் பதில் சொல்லக்கூடாது என்று வளர்ந்த அதே கேள்விகள். தான் இருக்குமிடம் எல்லோருக்கும் தெரிவது ஒரு கடைக்கு எத்தனை முக்கியம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடிதம் மூன்றாம் வாரம் வந்தது. அண்ணன் கும்மிடிப்பூண்டிக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தார். நான்தான் வாங்கினேன். ஓரத்தைக் கிழித்தேன், எண்களைப் பார்த்தேன், கீழே இருந்த வரியைப் படித்தேன். எவர் கேட்டாலும் எண்ணைச் சொல்லாதே என்று பேங்க் தினமும் மெசேஜ் அனுப்புகிறது. இந்தக் கடிதமும் அதையே சொல்கிறது. செய்தித்தாளைத் தூக்கி அதற்கடியில் வைத்துவிட்டேன். கடையைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன்.

மேடம் மூன்று முறை வந்து கேட்டார். "லெட்டர் வந்துச்சாக்கா?" வரவில்லை என்றேன். இரண்டாவது முறை, "போஸ்ட்மேன் பக்கத்துல எங்கயாவது குடுத்துட்டாரா, விசாரிங்கக்கா. முப்பது நாள் ஆச்சுன்னா அந்த நம்பர் செல்லாது" என்றார். மூன்றாவது முறை கேட்டபோது என் கை டிராயரின் மேல் இருந்தது. அவர் என் கையைப் பார்த்தாரா, மேஜையைப் பார்த்தாரா, சும்மா தலை குனிந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "சரிக்கா, வேற லெட்டருக்குத் திரும்ப எழுதிப் போடறேன்" என்று போய்விட்டார்.

மறுபடி எழுதிப் போடுவதற்குள் நடந்துவிட்டது. பொக்லைன் ஓட்டும் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர், எண்ணெய் வழிந்த பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"இன்னா அண்ணாத்தே, கடை தொறந்துகினு கீது? போன் பண்ணா எவனோ எடுத்து, அத்த மூடிட்டாங்க, பூந்தமல்லி ரோட்டுக்கு வா, நான் போட்டுத் தரேன்றான்!"

தன் போனை நீட்டினார். மேப்பில் எங்கள் கடை, எங்கள் பெயர், எங்கள் வாசல் படம். போன் நம்பர் மட்டும் வேறு யாருடையதோ. சில நாட்களாகப் போன் ஏன் அடிக்கவில்லை என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

அண்ணன் உடனே மேடத்தைக் கூப்பிட்டார். அவர் வந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "படம் புட்சிகினு போனது நீ, கேட்டுக் கேட்டு எழுதிகினு போனது நீ. எவன்கிட்ட வித்த?" என்று அண்ணன் சந்துக்கே கேட்கும்படி கத்தினார். பக்கத்துக் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். மேடம் குரலை உயர்த்தவில்லை. "நான் மாத்தல சார். இப்ப திருப்பி வாங்கணும்னாலும் அந்த லெட்டர் வேணும். அது இல்லாம என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நான் பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் அடி தூரத்தில் கடிதம். முப்பது நாள் கெடு முடிய இன்னும் நாலு நாள் இருந்தது என்று பிறகு கணக்குப் பார்த்தேன். எடுத்துக் கொடுத்தால், ஏன் ஒளித்தாய் என்று அத்தனை பேர் முன்னால் கேட்பார்கள். நான் எப்படிப் பதில் சொல்வேன்? அதைவிட, இவள்தான் செய்திருப்பாள், எடுத்துக் கொடுத்தால் மிச்சத்தையும் கொண்டுபோவாள் என்றும் ஒரு பக்கம் நம்பினேன். இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

மேடம் போனபிறகு அண்ணன் என்னிடம், "அந்தம்மா கடையும் நெட்டுல கீதுல்ல? அதுக்குக் கீழ எழுதும்மா. ஊரு தெரிஞ்சிக்கட்டும்" என்றார். அவருக்குப் போனில் எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல, என் போனில், என் பெயரில் எழுதினேன். ஒரு நட்சத்திரம். 'ஏமாற்றுக்காரி. கடையின் நம்பரை அடுத்தவனுக்கு விற்றவள். யாரும் நம்பாதீர்கள்.' வாழ்க்கையில் நான் நாலு பேர் படிக்க எழுதிய முதல் எழுத்து அதுதான்.

இரண்டு நாள் கழித்து அதற்குக் கீழே ஒரு பதில் வந்திருந்தது. 'வணக்கம் அக்கா. உங்கள் வருத்தம் புரிகிறது. கடிதம் கிடைத்தால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். வந்து செய்து தருகிறேன்.' நான் அதைப் பலமுறை படித்தேன். கடிதம் கிடைத்தால் என்று ஏன் எழுதினார்? தெரிந்து எழுதினாரா? மிரட்டுகிறாரா? நல்ல வார்த்தையைக்கூட எனக்கு அப்படித்தான் படிக்கத் தெரிந்தது.

அதற்குப் பிறகு சந்தில் யாரும் அவரை உள்ளே விடவில்லை. அந்த மழைக்காலத்தில் எங்களுக்கு வண்டியே வரவில்லை. வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மெஷினை அண்ணன் விற்றார். அதை லாரியில் ஏற்றும்போது அவர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். ஒன்றரை வருடம் கழித்து, மேடம் செய்த அதே தொழில் செய்கிற, மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர் வந்தார். இப்போதெல்லாம் கடிதம் கிடையாது என்று சொல்லி, வாசலையும் பலகையையும் ஷட்டர் பூட்டை நாங்கள் திறப்பதையும் போனில் வீடியோ எடுத்து அனுப்பினார். சில நாளில் எங்கள் நம்பர் திரும்பி வந்தது. அவரும் கேட்டைத்தான் எடுத்தார், மெஷினைத்தான் எடுத்தார். அவரை நான் சந்தேகப்படவில்லை. ஏன் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் அந்தப் பொக்லைன்காரர் மறுபடி வந்தார். பூந்தமல்லி ரோட்டில் வண்டி நின்று, வேறு வழியில்லாமல் அந்தக் கடைக்கே போக நேர்ந்ததாம். அங்கே இருந்தவன் பெருமையாகச் சொன்னானாம். "ரெண்டு நிமிஷ வேலையாம் நைனா. இவனே போன்ல மாத்தி வுட்டானாம். மேப்புல ஓனர் இல்லாத கடையா பாத்து மாத்துவானாம்." அண்ணன் மெஷினில் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தார்.

பொக்லைன்காரர் போனபிறகு நான் டிராயரைத் திறந்தேன். நாலு வருடத்தில் அந்தச் செய்தித்தாளை நான் ஒருமுறைகூட மாற்றவில்லை. கடிதத்தை அண்ணன் முன்னால் வைத்தேன்.

"இன்னாமா இது?"

"வந்துச்சுண்ணே. நான்தான் குடுக்கல."

மேலேயும் கீழேயும் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். விற்ற மெஷின் இருந்த இடத்தைத்தான் பார்த்தார். அங்கே தரையில் நாலு போல்ட் ஓட்டை இன்னும் இருக்கிறது. "கத்துனவன் நானு" என்றார். பிறகு, "நாம எழுதனது இன்னும் கீதா?" என்று கேட்டார்.

"இருக்குண்ணே."

"எடுத்துடு."

மேடத்தின் நம்பருக்குப் போட்டேன். உபயோகத்தில் இல்லை என்றது. மேப்பில் கள்ளிக்குப்பத்தைத் தேடினேன். அவர் கடை நிரந்தரமாக மூடப்பட்டது என்று போட்டு, கீழே ஒரே ஒரு கருத்து, என்னுடையது. தேடுகிறவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் நடுவில் நிற்பதாகச் சொன்னவரைப் பற்றி, தேடுகிறவருக்கு இத்தனை நாளும் கிடைத்தது அந்த ஒன்றுதான். அப்போதும் என் மனம் சும்மா இருக்கவில்லை. மாற்றுவது எப்படி என்று பூந்தமல்லிக்காரனுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று ஒரு மூலையில் கேட்டது. இதை எழுதாமல் விட்டால் பொய் சொன்னதாகும். நீக்கவா என்று போன் கேட்டது. நீக்கு என்பதை அழுத்தினேன். கடிதத்தை மறுபடி செய்தித்தாளுக்குக் கீழேயே வைத்தேன்.

மறுநாள் காலை கடைக்கு வந்ததும் போனைத் திறந்து பார்த்தேன். நான் எழுதியது போயிருந்தது. அதற்குக் கீழே மேடம் எழுதிய பதிலும் அதோடு சேர்ந்து போயிருந்தது. பதினோரு மணிக்கு ஒரு பொக்லைன் வந்தது. இரண்டு பைப் மாற்றிக் கொடுத்தோம்.