போனில் வந்த டி.சி.

தங்கபுஷ்பம் மிஸ்ஸுக்குத் தெரியாத இங்கிலீஷே கிடையாது என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. மிஸ் அதை மறுத்ததும் இல்லை, நம்பியதும் இல்லை. அவருடைய அப்பா சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் மளிகைக் கடை போட்டவர். கடைக்கு மேல் மாடியில், மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே, மகள் அஞ்சல்வழியில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்தார். இப்போது வயது நாற்பத்திரண்டு. காலடிப்பேட்டைச் சந்துக்குள் இருக்கும் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறார். திருவொற்றியூரிலேயே பிறந்து வளர்ந்தவர்தான். ஆனாலும் கோபமோ குழப்பமோ வந்தால், ‘சொல்லுதேன், கேக்கியா?’ என்று வீட்டுப் பேச்சு வெளியே வந்துவிடும். பிள்ளைகளுக்கு அது தெரியும். அதைக் கேட்பதற்காகவே குழப்புவார்கள்.

இந்த வருஷம் அவர்கள் மெனக்கெட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பள்ளியை நடத்துகிற சாலமோன் சார், பக்கத்துத் தெருப் பள்ளியில் ரோபோ கிளாஸ் தொடங்கியதைப் பார்த்துப் பொறுக்காமல், ‘இணைய ஆங்கிலம் கற்றுத் தரப்படும்’ என்று வாசலில் பேனர் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் மிஸ்ஸைக் கூப்பிட்டு, பசங்கள் போனில் அடிக்கிற சுருக்கங்களை எல்லாம் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நடத்துங்கள் என்றார். மிஸ் அதுவரை காய்கறிக்காரருக்குக்கூட ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ போட்டு மெசேஜ் அனுப்புகிறவர்.

அக்கா மகளைக் கேட்டு, பழைய டைரியில் நாற்பது சுருக்கங்களை எழுதிக்கொண்டார். வாரத்துக்குப் பத்து. எழுதினாரே தவிர ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை. என்.வி.எம். என்பது பார்சல் சர்வீஸ் பெயர் மாதிரி இருந்தது. விசாரித்தால், ‘பரவாயில்லை, விடு’ என்று அர்த்தமாம். எஸ்.எம்.எச். கண் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. அது தலையை ஆட்டுவதாம். தலையை ஆட்ட எதற்கு மூன்று எழுத்து, ஆட்டினால் போதாதா என்று மிஸ் அக்கா மகளிடம் கேட்டார். அவள் தலையைத்தான் ஆட்டினாள்.

ஆனாலும் பாடம் என்று வந்தால் பாடம். வாய்ப்பாடு மாதிரி கோரஸாகச் சொல்ல வைத்தார். ‘பி.ஆர்.பி., பி ரைட் பேக்’ என்று முப்பத்தொரு பிள்ளைகள் கத்தியதில், தெருவில் கூடையோடு போன மீன்காரம்மா நின்று, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, முப்பதும் நடத்தி முடித்த கையோடு டெஸ்ட். வினை அங்கேதான் வந்தது, செங்கொடி வடிவத்தில். செங்கொடியின் அப்பா பீம்ராவ், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர். அம்மா கெங்கம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பிசிறு நூல் வெட்டுகிறவர். ஐ.எம்.ஓ. என்றால் என்ன என்ற கேள்விக்கு எல்லோரும் ‘இன் மை ஒப்பீனியன்’ என்று எழுத, செங்கொடி மட்டும், ‘தீப்பிடிக்கும் சரக்கு. தனியாக நிறுத்த வேண்டும். பக்கத்தில் பீடி குடிக்கக் கூடாது’ என்று எழுதியிருந்தாள்.

மிஸ் முட்டை போட்டார். செங்கொடி எழுந்து நின்றாள். ஐ.எம்.ஓ. கன்டெய்னர் என்றால் துறைமுகத்தில் அதுதான் அர்த்தம், அப்பா பத்து வருஷமாக இழுக்கிறார், உங்கள் டைரிதான் தப்பு என்றாள். வகுப்பு சிரித்தது.

“திங்கக்கிழம அம்மையக் கூட்டிட்டு வா. இல்லேன்னா வராத, சொல்லுதேன்” என்றார் மிஸ். வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில், துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கிற ஒருவரிடம் மிஸ் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தார். அவர் சிரிக்காமல், தீப்பிடிக்கும் சரக்குதான் என்றார். மிஸ்ஸுக்கு அன்றைக்குப் பிரசங்கம் காதில் ஏறவில்லை.

திங்கட்கிழமை செங்கொடி வரவில்லை. காய்ச்சல், லீவு வேண்டும் என்று கெங்கம்மா போனிலிருந்து மெசேஜ் மட்டும் வந்தது. பதிலில் கொஞ்சம் பாசம் காட்ட வேண்டும் என்று மிஸ்ஸுக்குத் தோன்றியது. இந்த வாரப் பட்டியலின் முதல் வரியிலேயே தோதாக ஒன்று இருந்தது. டி.சி. அதாவது டேக் கேர், உடம்பைப் பார்த்துக்கொள். ‘ஓகே. டி.சி.’ என்று அனுப்பினார். முதல்முறையாகத் தானும் இந்தக் காலத்து ஆளாகிவிட்ட மாதிரி இருந்தது.

செவ்வாய் வரவில்லை. புதன்கிழமை, ‘செங்கொடி எங்கே? டி.சி.’ என்று அனுப்பினார். நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. போன் அடித்தால் யாரும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை, ‘ப்ளீஸ் ரிப்ளை. டி.சி. டி.சி.’ என்று அனுப்பினார். இரண்டு தரம் போட்டால் இரண்டு மடங்கு பாசம் என்பது மிஸ்ஸின் கணக்கு.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அவர் பட்டியலைத் திறக்கவே இல்லை. மூன்றாவது பெஞ்சின் ஓரம் காலியாக இருந்தது. ஒரு முட்டைக்காக ஒரு பிள்ளை படிப்பையே விட்டுவிடுமா? அதுவும் சரியாக எழுதிய பிள்ளை? ‘இல்லேன்னா வராத’ என்று சொன்ன வாய் தன்னுடையதுதான் என்பதை மட்டும் அவரால் எந்தச் சுருக்கத்திலும் அடக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை விலாசத்தை எடுத்துக்கொண்டு எர்ணாவூர் குடியிருப்புக்குப் போனார். மூன்றாவது மாடி. கெங்கம்மா கதவைத் திறந்தார். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் மிஸ்ஸுக்குப் பயமாக இருந்தது. உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். டை, பெல்ட், ஐடி கார்டு, லைப்ரரி புத்தகம். யூனிஃபார்ம் இஸ்திரி போட்டு மடித்திருந்தது.

“எல்லாம் கீதான்னு பாத்துக்கோ மிஸ். அப்பால ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குட்த்துரு.”

“என்ன கையெழுத்தும்மா?”

“டி.சி.க்குத்தான். கார்ப்பரேசன் ஸ்கூலுக்கு இட்டுகினு போனேன். டி.சி. எங்கன்னாங்கோ. போன்ல குட்த்துட்டாங்கன்னு காட்டுனேன். அந்த அம்மா சிரிக்குது. பேப்பர்ல வாங்கினு வான்னுச்சு.”

மிஸ்ஸுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. “நான் எப்பம்மா டி.சி. குடுத்தேன்?”

கெங்கம்மா போனை நீட்டினார். “புள்ளதான் படிச்சுக் காட்டுச்சு. ஒண்ணா ரெண்டா, நாலு தபா குட்த்துகீற. புள்ளைக்கு ஜொரம்னா, ஓகே டி.சி.ன்ற. புள்ள எங்கன்னு கேட்டுட்டு இன்னொண்ணு. அப்பால ஜோடியா ரெண்டு.”

திரையில் மிஸ்ஸின் பாசம் வரிசையாக நின்றது. முதல் மூன்று தடவை படித்தபோதும் அவருக்கு டேக் கேர் என்றே தெரிந்தது. நான்காவது தடவைதான், சாலமோன் சார் தினமும் காலை பிரேயரில் மிரட்டுகிற டி.சி. கண்ணில் பட்டது. லேட்டாக வந்தால் டி.சி., முடி வளர்த்தால் டி.சி., பேனரில் கை வைத்தால் டி.சி.

“ஏ யம்மா, இது அது இல்ல. டேக் கேர். பத்திரமாப் பாத்துக்கோன்னு அர்த்தம்.”

கெங்கம்மா நம்பாமல் மகளைப் பார்த்தார். பீரோவை ஒட்டி நின்ற செங்கொடி, இதுவரை நடத்திய முப்பதில் டி.சி. இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னாள். சொன்னதோடு விடாமல், விரலை மடக்கி முப்பதையும் ஒப்பித்தாள். ஐ.எம்.ஓ. வந்தபோது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, ‘இன் மை ஒப்பீனியன்’ என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். மிஸ் டைரியை விரித்துக் காட்டினார். நான்காவது பட்டியல், முதல் வரி. இன்னும் நடத்தாத பாடம்.

கெங்கம்மா வெகுநேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. “அத்த அப்டியே சொல்றதுக்கு இன்னா மிஸ்? நாலு நாளா இது சரியா சோறு துன்னல. அவங்க நைனா சொன்ன அந்த பீடி மேட்டர எழுதுனதாலதான் வெரட்டிட்டாங்கன்னு அவராண்ட பேசறதே இல்ல.”

மிஸ் பையிலிருந்து டெஸ்ட் பேப்பரை எடுத்தார். முட்டைக்கு முன்னால் ஒன்று போட்டார். அது இரண்டு மார்க் கேள்வி. இப்போது பத்து ஆகிவிட்டது. கணக்கு அவருடைய பாடம் இல்லை.

செங்கொடி பேப்பரை வாங்கி, பத்தைத் தடவிப் பார்த்தாள். “திங்கக்கெழம அம்மாவ இட்டுகினு வரணுமா மிஸ்?”

“வேண்டாம். அப்பாவைக் கூட்டிட்டு வா. ஐ.எம்.ஓ. அவர் நடத்தட்டும்.”

கெங்கம்மா பையை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

மிஸ் இரண்டு மாடி இறங்கியிருப்பார். மேலே கைப்பிடிச் சுவரில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. “மிஸ், பா.போ.!”

மிஸ் நின்றார். அது என்ன என்று கேட்பதற்குள் தலை மறைந்துவிட்டது. டைரியைப் புரட்டினார். நாற்பதிலும் அது இல்லை. பாவம், போ என்கிறாளா? பாடம் போச்சு என்கிறாளா? அல்லது துறைமுகத்தில் அதற்கும் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? பஸ் ஸ்டாப் வரைக்கும் யோசித்துக்கொண்டே போனார். பஸ் வந்ததும், அதே யோசனையில் படியில் கால் இடறி, கம்பியைப் பிடித்துத் தொங்கினார்.

“பாத்துப் போம்மா” என்றார் கண்டக்டர்.

மிஸ் படியிலேயே நின்றுவிட்டார். பின்னால் ஏறியவர்கள் திட்டினார்கள்.