மாஜோலா ஒளித்து வைத்த தட்டை

தென்னாப்பிரிக்காவின் போண்டோலாந்து மலைச்சரிவில் கஞ்சா பயிர் போட்டுத்தான் மாஜோலா மூன்று மகள்களை ஆளாக்கினாள். வருடாவருடம் போலீஸ் ஹெலிகாப்டர் வந்து களைக்கொல்லி தெளிக்கும். கஞ்சாவோடு பூசணியும் சோளமும் சேர்ந்து கருகும். அந்தச் சத்தம் கேட்டால் போதும், அறுத்ததை வாரிக்கொண்டுபோய் ஓடைப் பள்ளத்தில் ஒளித்துவிடுவாள். யோசிக்கவே மாட்டாள்.

பிறகு ஒருநாள் அரசாங்கத்துக்கு ஞானோதயம் வந்தது. போதையில்லாத நார்க்கஞ்சா போடுங்கள், செடியின் காய்ந்த தண்டான தட்டையிலிருந்து நார் உரிக்கும் ஆலைக்கு நாங்களே நிதி தருகிறோம் என்றார்கள். மாஜோலா நம்பினாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. லைசென்ஸ் என்ற காகிதத்தை வாழ்நாளில் முதல்முறையாகக் கையில் பிடித்திருந்தாள். விதைத்து, அறுத்து, தட்டையை வயலிலேயே பரப்பி, பனியில் பதமாகும்வரை ஆறு வாரம் புரட்டிப் போட்டாள். நார் விலைபோனால் கடைசி மகள் நர்சிங் படிக்கப் போவாள்.

ஆலைத் திறப்பு விழாவுக்கு மாடு அடித்தார்கள். பெண்கள் தட்டைக் கட்டுகளை ஆலை வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது வானத்தில் அந்தச் சத்தம்.

"ஐயோ, வந்துட்டானுங்க! தூக்குங்கடி!" என்று மாஜோலா கத்தினாள்.

ஹெலிகாப்டர் தரை தொடுவதற்குள் அத்தனை கட்டும் ஓடைத் தண்ணீரில் கிடந்தது. இறங்கியவரோ கோட்டு சூட்டு போட்ட நிதி அதிகாரி லுடிடி.

பக்கத்து வயல்காரி நோபூம்லா தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, லைசென்ஸ் வச்சுக்கிட்டு எதுக்குக்கா ஓடினோம்?"

லுடிடி மைக்கைப் பிடித்தார். "கோடி கோடியா கொட்டியிருக்கோம். சரக்கை நீங்களே ஒளிச்சு வச்சா ஆலை எப்படிம்மா ஓடும்? மேலிடத்துக்கு அப்படித்தான் எழுதணும்."

மாஜோலாவுக்கு உயிரே போய்விட்டது. தன் புத்தியால் மகள் படிப்பு கெட்டதே என்று எந்திரத்தருகே போய், ஈரத்தட்டையை எடுத்துக்கொள்ளுமா என்று மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே மோட்டார் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஓட்டையும் ஒரு பல்லியும் இருந்தன. வெளியே மட்டும் பச்சைப் பெயிண்ட் பளபளத்தது.

அவள் மூடியை டமாரென்று சாத்தினாள். சட்டியில் வெந்த மாட்டுக்கறி வாசனைகூட அழுகல் நாற்றமாக அடித்தது. இந்தப் பிழைப்புக்கு இவர்கள் வழிப்பறி செய்யலாம், அதில் கொஞ்சம் உழைப்பாவது இருக்கிறது.

பெண்களை ஓடைக்கு அழைத்துப் போனாள். சொட்டச் சொட்ட ஈரக்கட்டுகளைச் சுமந்து வந்து, லுடிடி சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைமேல் தொப்பென்று போட்டார்கள். கறித்தட்டெல்லாம் சேறு.

"சரக்கு வந்துருச்சு ஐயா. ஓட்டுங்க."

"மோட்டாரு... அது அடுத்த கட்ட நிதியில வரும்மா," என்றார் லுடிடி, கோட்டைத் துடைத்தபடி.

மாஜோலா அவர் காலடியில் காறித் துப்பினாள்.

"விஷம் தெளிக்க வந்தீங்களே, அந்த ஹெலிகாப்டர்ல ஒருநாளாவது மோட்டார் இல்லாம இருந்துச்சா?"