நிராகரிக்கப்பட்ட படங்கள்

செயற்கைக் கால் செய்யும் அந்தப் பட்டறையில் அவரை எல்லாரும் ஒயர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்தது சரக்கு அறையில், பெட்டி அடுக்குவதற்கு. ஒரு நாள் அலுவலகத்தில் பிரிண்டர் ஓடாமல் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்லிக்கொண்டு நின்றபோது, இவர் மேசைக்கு அடியில் குனிந்து, கழன்று கிடந்த ஒயரைச் சொருகிவிட்டு எழுந்தார். அதோடு பெயரும் மாறியது, வேலையும் மாறியது. பட்டறை வளர வளர கம்ப்யூட்டர்கள் கூடின. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வந்தபோது மேனேஜர் வெளியே தேடவில்லை.

முறையாகப் படிக்காதவர் என்பதை யாரும் ஞாபகப்படுத்திவிடக் கூடாது என்பதில் ஒயர் கவனமாக இருந்தார். தெரியாததைத் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு வந்து செய்வார். பெரும்பாலும் சரியாகவே செய்வார். ஒருவரிடம் போய்க் கேட்பது மட்டும் அவருக்கு வராது.

அப்படிப்பட்டவர்தான் கூரியர் மெயிலில் போய் மாட்டிக்கொண்டார். பார்சல் ஒன்று நின்றுபோயிருக்கிறது, இங்கே அழுத்துங்கள் என்று வந்த மெயிலை வேறு யாராவது அழுத்தியிருந்தால் அவரே திட்டியிருப்பார். அவசரத்தில் அவரே அழுத்தினார். மத்தியானத்துக்குள் பட்டறையின் கால் அளவுகள், வரைபடங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் திறக்க முடியாதபடி பூட்டிக்கொண்டன. பழைய பிரதிகளைத் தேடி எடுத்து மறுபடி அளவு பார்த்து முடிக்கும்வரை, நடைபழக வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. மேனேஜர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "பார்த்துக்கோப்பா" என்று மட்டும் சொன்னார். மற்றவர்கள் விடவில்லை. டீ குடிக்கும் இடத்தில் ஒயர் தலை தெரிந்தாலே, "பார்சல் வந்துடுச்சாப்பா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அப்புறம் டம்ளரைத் தன் மேசைக்கே எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்.

அந்த நிலையில்தான் மெயில் கேட்வே வாங்க மேனேஜர் சம்மதித்தார். வெளியிலிருந்து வரும் எந்த மெயிலும் நேராக உள்ளே வராமல் முதலில் அங்கே போய் நிற்கும். வைரஸ் இருக்கிறதா, ஏமாற்று வேலையா, கண்ட கண்ட படமா என்று சோதித்து, நல்லதை உள்ளே விட்டு, சந்தேகமானதைக் குவாரன்டைன் என்ற தனி இடத்தில் அடைத்துவைக்கும். ஒயர் அதுவரை அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. விற்ற நிறுவனத்தின் இன்ஜினியர் போனில் பொறுமையாகச் சொன்னார். முதல் சில வாரம் எதையும் தடுக்காமல் வேடிக்கை மட்டும் பார்க்கும்படி வையுங்கள், உங்கள் இடத்துக்கு எப்படிப்பட்ட மெயில் வருகிறது என்று தெரிந்துகொண்டு அப்புறம் இறுக்குங்கள் என்றார். சந்தேகம் ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார். ஒன்றும் இல்லை என்று ஒயர் போனை வைத்தார்.

வேடிக்கை பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை. இன்னொரு மெயில் தப்பி உள்ளே வந்துவிட்டால் தன் கதி என்ன என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கெல்லாம் குறைவு, நடுத்தரம், கடுமை என்று மூன்று இருந்ததோ அங்கெல்லாம் கடுமையைத் தேர்ந்தெடுத்தார். ஆபாசப் படங்களைக் கண்டுபிடிக்கும் வசதி என்று ஒன்று இருந்தது. அதையும் கடுமையில் வைத்தார். அடைத்துவைத்த மெயில்களின் விவரத்தைத் தினமும் ஊழியர்களுக்கு அனுப்பலாமா என்று அது கேட்டபோது, இவர்கள் எதையாவது திறந்து தொலைப்பார்கள் என்று வேண்டாம் என்றார். அனுப்பியவருக்குப் பதில் போகட்டுமா என்று கேட்டபோது, போகட்டும் என்றார்.

அந்தப் பதிலுக்கு ஒரு கட்டம் இருந்தது. அதில் ஏற்கனவே ஒரு வரி சாதுவாக உட்கார்ந்திருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. அழித்துவிட்டுத் தானே எழுதினார்: 'உங்கள் மடலில் ஆபாசமான படம் இருந்ததால் அது நிராகரிக்கப்பட்டது. இது கண்ணியமான நிறுவனம். மீண்டும் இவ்வாறு அனுப்பினால் உங்கள் முகவரி நிரந்தரமாகத் தடை செய்யப்படும்.' எழுதி முடித்து வாய்க்குள் ஒரு முறை படித்துப் பார்த்தார். கண்ணியமான என்ற சொல் விழுந்த இடம் அவருக்கே பிடித்திருந்தது.

கேட்வே ஓட ஆரம்பித்ததும் குப்பை மெயில்கள் நின்றன. மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார். டீ குடிக்கும் இடத்தில் பார்சல் பேச்சு அடங்கியது. டம்ளரோடு அவர் மறுபடி அங்கேயே நிற்க ஆரம்பித்தார்.

பட்டறையில் கால் அளவெடுத்துப் பொருத்துகிறவரை மாஸ்டரக்கா என்பார்கள். எப்போதும் முழங்கைவரை மாவுக்கட்டுத் தூளோடு இருப்பார். வெட்டுப்பட்டது போக எஞ்சியிருக்கும் பகுதியை அவர் மிச்சக் கால் என்று சொல்வார். புதுக் கால் மாட்டிக்கொண்டு போனவர்களுக்கு மிச்சக் காலில் சிவந்தாலோ புண் வந்தாலோ உடனே படம் எடுத்து மெயிலில் அனுப்பச் சொல்லியிருந்தார். தூரத்தில் இருப்பவர்கள் அலையாமல், படத்தைப் பார்த்தே என்ன செய்யலாம் என்று சொல்லிவிடுவார். அவர் ஒரு நாள் வந்து, இப்போதெல்லாம் யாரும் படமே அனுப்புவதில்லையே, மெயில் சரியாக வருகிறதா என்று கேட்டார். ஒயர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மெயிலெல்லாம் சுத்தமாக வருகிறது, யாருக்கும் புண் வரவில்லை என்றால் நல்லதுதானே அக்கா என்றார். மாஸ்டரக்கா கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு வேன் டிரைவர் பட்டறைக்கு வந்தார். அவருடைய மனைவி தையல்காரி. விபத்தில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய், அங்கேதான் புதுக் கால் வாங்கியிருந்தாள். டிரைவர் சத்தம் போடவில்லை. வரவேற்பு மேசை முன்னால் நின்று, மனைவியின் போனை நீட்டி, இதை எழுதியது யார் என்று கேட்டார். விஷயம் தெரியாமல் வரவேற்பில் இருந்தவர் ஒயரைக் கூப்பிட்டார். மாஸ்டரக்காவும் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நடைபழகும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

போனில் இருந்தது ஒயரின் தமிழ். முதல் வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அது மெஷின் தானா அனுப்புறதுங்க" என்றார்.

டிரைவர் போனை இன்னும் கிட்டே நீட்டினார். "மெஷினுக்கு இவ்வளவு நல்லாத் தமிழ் வருமா?"

டிரைவர் மாஸ்டரக்காவின் பக்கம் திரும்பினார். மனைவிக்குப் புண் வந்து, நீங்கள் சொன்னபடி படம் அனுப்பினாள், இந்தப் பதில் வந்தது, அதைத் தன்னிடம்கூடச் சொல்லாமல் மறைத்தாள், இன்று காலை அவளுக்கு ஜுரம் வந்து, அவள் போனை எடுத்துப் பார்த்தபோதுதான் தனக்கே தெரிந்தது என்று நிதானமாகச் சொன்னார். தாலி கட்டிய தன்னிடமே அவள் அந்தக் காலைக் காட்டியதில்லை என்றும் சொன்னார். மாஸ்டரக்கா வேறு பேச்சில்லாமல் அளவுப் பையை எடுத்துக்கொண்டு அவரோடு வேனில் ஏறினார். போகும்போது ஒயரை ஒரு பார்வை பார்த்தார். அதில் திட்டு இருந்திருந்தால் ஒயர் தாங்கிக்கொண்டிருப்பார்.

ஒயர் தன் அறைக்குப் போய்க் குவாரன்டைனைத் திறந்தார். ஆபாசம் என்ற தலைப்பின் கீழே வரிசையாகக் கால்கள். முதிய கால்கள், குழந்தைக் கால்கள், கட்டில் ஓரத்தில், குளியலறைத் தரையில், ஜன்னல் வெளிச்சத்தில். முகம் தெரியாமல் கவனமாக எடுத்திருந்தார்கள். பலர் தொடைமேல் துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். புண் எவ்வளவு பெரிது என்று தெரிய, மாஸ்டரக்கா சொல்லிக்கொடுத்தபடி பக்கத்தில் ஸ்கேல் வைத்திருந்தார்கள். ஒரு படத்தில் ஸ்கேலைப் பிடித்திருந்தது ஒரு சின்னக் கை. யாரோ ஒரு அப்பாவின் காலுக்குப் பிள்ளை பிடித்திருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் கண்ணியமான நிறுவனத்தின் பதில் போயிருந்தது. சிலர் இரண்டாம் முறையும் அனுப்பியிருந்தார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள், தவறாக எதுவும் அனுப்பவில்லை, புண்ணை மட்டும்தான் எடுத்தேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கும் அதே பதில்தான் போயிருந்தது.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தான் இந்த இடத்தில் இத்தனை வருஷம் வேலை செய்தும், இங்கே என்ன மாதிரி மெயில் வரும் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மாஸ்டரக்கா வந்து கேட்டபோதும், ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் போதும். டிரைவர் முன்னால் மெஷின் மேல் பழியைப் போட்டதையும் நினைத்துக்கொண்டார். எல்லா மெயில்களையும் மாஸ்டரக்காவுக்கு விடுவித்தார். படச் சோதனையை அணைத்தார். கேட்வே நிறுவனத்துக்குப் போன் போட்டு, முதல் முறையாக, "எனக்கு இது தெரியாதுங்க, ஆரம்பத்துலேர்ந்து சொல்லிக்கொடுங்க" என்றார். அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, நடந்ததைச் சொல்லி, தான் எழுதிய அந்தப் பதிலை மனைவியிடம் காட்டினார். அவள் படித்தாள். வழக்கமாக அவர் எழுதுகிற எதையும் கிண்டல் பண்ணாமல் விடமாட்டாள். அன்று போனைக் குப்புற வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு வீட்டுக்கு எப்ப போறீங்க?" என்று கேட்டாள். போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாக அவர் இழுத்தார். யோசிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுபடி புண்ணைப் பார்க்க மாஸ்டரக்கா போனபோது ஒயரும் கூடப் போனார். தையல்காரியின் வீடு ஒரு சலவைக் கடைக்கு மாடியில் இருந்தது. முன்னறை முழுக்கத் துணி. தையல் மெஷின்மேல் பாதி தைத்த பள்ளிச் சட்டை ஒன்று ஊசியோடு நின்றுபோயிருந்தது. அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஜுரம் தணிந்திருந்தது. மாஸ்டரக்கா புண்ணைப் பார்த்து முடித்துப் போர்வையை மூடும்வரை ஒயர் வெளியே படிக்கட்டில் நின்றார். உள்ளே கூப்பிட்டதும் போய், உட்காரச் சொன்னதையும் கேட்காமல் நின்றபடியே சொன்னார்.

"அந்தப் பதிலை மெஷின் எழுதலைங்க. நான்தான் எழுதினேன். அன்னைக்கு உங்க வீட்டுக்காரர்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

கதவோரம் நின்ற டிரைவர் தரையைப் பார்த்தார். தையல்காரி சொன்னாள், கோபமில்லாமல், அளவு சொல்வது மாதிரி.

"படம் எடுக்கவே ரொம்ப நாளாச்சு. கதவைச் சாத்திட்டு எடுத்தேன். கை நடுங்கி நடுங்கிக் கலங்கலா வந்துச்சு. திருப்பித் திருப்பி எடுத்தேன். அந்தப் பதிலைப் படிச்சப்புறம் காலைக் கழுவறப்பகூட லைட்டை அணைச்சுட்டுத்தான் கழுவினேன். அதான் புண்ணு பெருசானது தெரியலை."

ஒயருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மாஸ்டரக்கா பைக்குள் எதையோ தேடுவது மாதிரி குனிந்துகொண்டார்.

மற்றவர்களுக்கும் இப்படிப் போயிருக்கிறதா என்று தையல்காரி கேட்டாள். போயிருக்கிறது, நிறையப் பேருக்கு என்றார். அவள் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாளாம். மற்றவர்களுக்கு என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டாள். ஒயர் போனில் தயார் செய்து வைத்திருந்ததைக் காட்டினார். தொழில்நுட்பக் கோளாறு காரணமாக ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று அது ஆரம்பித்தது. அவள் இரண்டு வரிக்கு மேல் படிக்கவில்லை.

"கோளாறுன்னு போடாதீங்க. யாரோ ஒரு ஆளு தப்பா எழுதிட்டாருன்னு தெரிஞ்சாத்தான் எங்களுக்கு ஆறும். மெஷினே சொல்லிடுச்சுன்னா அது நெசமாத்தான் இருக்கும்னு தோணுது" என்றாள்.

மறுநாள் மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து அவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினார். அந்தப் பதிலை எழுதியவன் நான், உங்கள் படத்தில் எந்தத் தவறும் இல்லை, நாங்கள் அனுப்பச் சொன்னதைத்தான் அனுப்பினீர்கள், நான்தான் பார்க்காமல் தடுத்தேன் என்று எழுதி, கீழே பட்டப் பெயரில்லாமல் முழுப் பெயரையும் போன் நம்பரையும் போட்டார். மேனேஜரிடம் காட்டியபோது, நிறுவனத்தின் பெயர் கெடாதா என்று முதலில் தயங்கினார். கெடுத்தது நான், அதை நானே எழுதிவிடுகிறேன் என்றார் ஒயர். அனுப்பு என்று மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிலர் பதில் போட்டார்கள். ஒரு பெரியவர், இந்த வயதிலும் தன் காலை ஆபாசம் என்று சொல்ல ஒருவர் இருந்ததைத் தன் மனைவியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தார். ஒயர் அதைப் படித்துச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஒரு அம்மா போனில் கூப்பிட்டு நன்றாகத் திட்டினார். திட்டி முடியும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பலர் பதிலே போடவில்லை. அவர்களுக்கு மாஸ்டரக்கா ஒவ்வொருவராகப் போன் செய்தார். ஒருவர் மட்டும் எதிலும் கிடைக்கவில்லை. மெயிலும் போகவில்லை, நம்பரும் மாறியிருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தவர்தான் அவர்.

படங்களுக்கென்று தனி முகவரி ஒன்றை ஒயர் உண்டாக்கினார். அங்கே வருவதில் வைரஸ் மட்டும் பார்க்கப்படும். வேறு யாருக்கும் போகாமல் மாஸ்டரக்காவுக்கு மட்டும் போகும். தடுக்கப்பட்ட மெயில்களைத் தினமும் வேலை தொடங்கும் முன் அவரே ஒவ்வொன்றாகப் பார்ப்பார். புதிதாக ஏதாவது மாற்றுவதற்கு முன், டீ குடிக்கும் இடத்துக்கே போய், அதனால் யாருக்காவது இடைஞ்சல் வருமா என்று கேட்பார். ஆரம்பத்தில் அவர்கள் கிண்டல் பண்ணுகிறாரோ என்று பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது.

தையல்காரியின் புண் ஆறுவதற்கு நாளாயிற்று. அதுவரை கால் மாட்ட முடியாமல், தைக்க வாங்கிய துணிகளை எல்லாம் அவள் வேறு ஆட்களிடம் கொடுத்துவிட வேண்டியிருந்தது. மிச்சக் கால் நுழையும் சாக்கெட்டைச் சரி செய்துகொள்ள அவள் பட்டறைக்கு வந்தபோது ஒயர் வாசலில்தான் நின்றிருந்தார். நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டார். இருக்கிறேன் என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் கம்பியைப் பிடித்து நடந்து பார்ப்பதை அவர் நின்று பார்க்காமல், தன் அறைக்குப் போய் அன்றைய மெயில்களைத் திறந்தார்.