எழுத்தில்லாத என் மடிப்புப் புத்தகம்

சென்னைக்கு ஒரு பயிற்சிக்காகப் போயிருந்தபோது, ஓவியர்கள் தாங்களே வடிவமைத்து அச்சிட்ட புத்தகங்களின் கண்காட்சியைப் பார்த்தேன். ஒன்றில் பக்கத்துக்குப் பக்கம் மழை மட்டும்தான். சொல் ஒன்றுகூட இல்லை. சற்று முரட்டுத் தாள். புரட்டும்போது விரல்கள் தாமாகவே நிதானமாயின. ஓவியம் என்றால் சுவரில் மாட்டுவது என்றே இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த டிராயிங் டீச்சர் நான். அதை மடியிலும் வைத்துக்கொள்ளலாம் என்பது அன்றுதான் உறைத்தது.

போர்ட் பிளேருக்குத் திரும்பியதும் நானும் ஒன்று செய்தேன். தினமும் சாத்தம் படகுத்துறையில் ஃபெர்ரி ஏறி, அக்கரையில் இருக்கும் பம்பூஃப்ளாட் பள்ளிக்குப் போகிறேன். அந்தப் பயணத்தை, விசிறிபோல மடியும் நீளத் தாளில் வரைந்தேன். விரித்தால் ஒரு முனையில் மர ஆலை, மறுமுனையில் பள்ளிக்கூடத்துப் படிகள், நடுவில் கடல்.

போர்ட் பிளேரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், எழுத்தே இல்லையே. ஏக்தம் காலியா இருக்கு. அட்டையிலயாவது ஒங்க பேரப் போடுவோமா?"

"பேரு வேண்டாம்ணே. கடல் நல்லா வந்தாப் போதும்."

கடல்தான் சரியாக வரவில்லை. பாதியிலேயே நீல மை தீரத் தொடங்கியது. மெயின்லேண்டிலிருந்து வரவேண்டிய சரக்குக் கப்பல் தாமதம். இருந்த மையையே நீர்க்க நீர்க்கக் கலந்து அடித்தார். கடைசிப் பிரதியான இருபதாவதில் கடலைத் தேட வேண்டியிருந்தது. அதை ஓரமாகத் தள்ளி வைத்தேன். அவர் காய்ந்த பிரதிகளை மேசையில் வரிசையாகப் பரப்பினார்.

"பாருங்க டீச்சர். விடியல்லருந்து உச்சி வரைக்கும் கடல் இப்படித்தான வெளுக்கும்?"

பார்த்தேன். ஆமாம்.

அந்த இருபதாவதின்மேல்தான் எனக்குப் பிரியம் விழுந்தது. கார் நிக்கோபார் தீவில் கட்டட வரைபடம் போடும் அரசு வரைவாளராக இருக்கும் என் கணவருக்கு அதையே கப்பலில் கொடுத்தனுப்பினேன். செய்தித்தாள் தவிர எதையும் படிக்காதவர். நாலு நாள் கழித்துப் போன் வந்தது.

"மேசை பத்தலம்மா. கட்டில்ல விரிச்சுட்டேன்."

"பிடிச்சிருக்கா?"

"ஃபெர்ரி அளவெல்லாம் சரியா இருக்கு. நீ எந்த ஜன்னல்ல இருக்க?"

நான் என்னை வரையவே இல்லை. அதைச் சொன்னதும், தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு "சரி" என்றார்.

விடுப்பில் வந்தபோது புத்தகத்தையும் எடுத்து வந்தார். மடிப்புகள் நைந்திருந்தன. ஃபெர்ரியின் மூன்றாவது ஜன்னலில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு சின்ன உருவம்: கொண்டை, தோளில் பை, ஆளைவிடப் பெரிய குடை. என் அச்சுப் பக்கத்தில் பேனாக்கோடு! 

"கெடுத்துட்டேனா?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெனமும் விரிச்சுப் பாப்பேன். நீ இல்லாம அது போறது என்னமோ மாதிரி இருந்துச்சு."

 பக்கத்து ஜன்னலைத் தொட்டுக் காட்டினேன்.

"இங்க ஒரு சீட் காலியாத்தான் இருக்கு," என்று பேனாவை நீட்டினேன்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஸ்கேல் எங்கே என்று கேட்டார். தன்னை வரைந்து முடிக்க அவருக்கு அரைமணி நேரம் ஆனது.