கை கோத்து நின்ற பதினான்கு பேர்

1996 மே 18, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. அக்கினி நட்சத்திரம் முடிய இன்னும் பத்து நாள் பாக்கி. நசரத்பேட்டையைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிப் புதிதாகத் திறந்திருந்த தண்ணீர்ப் பூங்காவின் வாசலில், காற்றடித்த லாரி டியூப் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

என்னோடு பதினான்கு பெண்கள். அம்பத்தூரில் எங்கள் சபையின் பெண்கள் சங்கத்தார். அவர்களில் ஒருத்தி என் மனைவி. வருடாவருடம் மே மாதத்தில் மெரினாவுக்குப் போய், கை கோத்து வரிசையாக நின்று, முழங்கால் வரை அலையில் நனைந்து, எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது அவர்கள் வழக்கம். அந்த வருடம் யாரோ தண்ணீர்ப் பூங்கா என்று ஆரம்பித்துவிட்டார்கள். பதினான்கு பேரில் ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. ஞாயிறுதோறும் காணிக்கை எண்ணுகிறவர் ஆயிற்றே, ஆள் எண்ணவும் நீங்களே போங்கள் என்று போதகர் சொல்லிவிட்டார்.

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். என் மனைவி கேட்கவில்லை. அவள் கொரட்டூர் ஏரிக்கரையில் வளர்ந்தவள். பெண்பிள்ளை ஏரிக்குள் இறங்கக் கூடாது என்று அவள் அப்பா கடைசிவரை விடவில்லை. நாற்பத்தாறு வயதில் அவளுக்கு ஒரே ஆசை.

"கால் தரையில படாம ஒரு நிமிஷம் மெதக்கணுங்க. ஒரே ஒரு நிமிஷம். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

அதற்காகத்தான் அந்த டியூப். எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடையில் பதினைந்து ரூபாய் வாடகைக்கு எடுத்திருந்தேன். வேனில் அது இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு வந்தது. வழியெல்லாம் ஆளுக்கு ஒரு முறை முனகினார்கள்.

வாசல் காவல்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா சார், லாரிய எங்க உட்டுட்டு வந்தீங்க?"

பெண்கள் சிரித்தார்கள். என் மனைவியும்தான்.

"உள்ள எடுத்துகினு போக முடியாது சார். இரும்பு மூக்கு நீட்டிகினு கீது பாருங்க. யார் கண்ணையாவது குத்தும். இங்கியே ஓரமா வெச்சிட்டுப் போங்க."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் எரிச்சல் இரட்டிப்பானது. நான் தண்ணீரில் இறங்கப்போவதில்லை, எனக்கு அரை டிக்கெட் போடக்கூடாதா என்று கேட்டேன். வேடிக்கை பார்க்கவும் அதே நூற்றைம்பதுதான் என்றார்கள்.

அடுத்த தொல்லை, சேலை. இயந்திரம் வைத்து அலை எழுப்பும் அலைக்குளத்தில் சேலையோடு இறங்கக் கூடாதாம், காலைச் சுற்றிக்கொள்ளுமாம். நைலான் சட்டையும் கால்சட்டையும் உள்ளே வாடகைக்குக் கிடைக்கும் என்றார்கள். போதகர் மனைவி, "கர்த்தாவே" என்று நெஞ்சில் கை வைத்தார். இறங்கலாமா வேண்டாமா என்று நாற்பது நிமிடம் வாக்குவாதம் நடந்தது. அப்படியே வேனில் ஏறித் திரும்பிவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை துளிர்த்த நேரத்தில், உடை மாற்றும் அறையிலிருந்து என் மனைவி வெளியே வந்தாள். காப்பிப்பொடி நிறத்தில் நைலான் சுடிதார். துப்பட்டா இல்லை. அவளை அந்த உடையில் நான் பார்த்ததே இல்லை.

"இது எப்பத் தைச்சது?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

"எவ்வளவு?"

"அப்புறம் சொல்றேன்."

அவளைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. வாடகை நைலானில், தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்.

அலைக்குளம் கடற்கரை போலச் சரிவாக இறங்கியது. பக்கச் சுவரில் இரண்டடி, மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று எழுதியிருந்தது. தண்ணீரில் ஆளை மிதக்கவைக்கும் காற்றுச் சட்டை ஒன்றுக்கு வாடகை இருபது ரூபாய். ஆளுக்கொன்று போடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதை மாட்டினா கேஸ் சிலிண்டருக்குக் கை முளைச்ச மாதிரி இருக்குண்ணே" என்றார் எங்கள் தெருப் பள்ளி ஆசிரியை. "மெரினாவுல எந்தச் சட்டை போட்டோம்? கை கோத்துக்கிட்டா போதும்."

எனக்கும் அது சரி என்றே பட்டது. வரிசையாக நின்றால் எண்ணுவதற்குச் சுலபம். மூன்றடிக் கோட்டைத் தாண்டக் கூடாது, என்ன நடந்தாலும் ஒருவர் கையை ஒருவர் விடக் கூடாது என்று இரண்டு விதிகள் சொன்னேன். பதினான்கு பேரும் கோத்துக்கொண்டு இறங்கினார்கள். என் மனைவி வலது கோடியிலிருந்து மூன்றாவது. நான் கணுக்கால் ஆழத்தில் நின்றேன்.

சங்கு ஊதியது. அலை வந்தது. முதல் அலைக்குச் சிரித்தார்கள். இரண்டாவதற்குக் கூச்சலிட்டார்கள். மூன்றடி என்பது தண்ணீர் அசையாமல் இருக்கும்போது உள்ள கணக்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அலை எழும்போது அது மார்பு வரை ஏறியது. மூன்றாவது அலையில் இடது கோடியில் நின்ற போதகர் மனைவியின் கால் வழுக்கியது. மெரினா மணல் காலடியில் குழிந்து பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். இங்கே வழவழப்பான தரை, எதுவும் பிடித்துக்கொள்ளாது. கொடிக்கயிற்றின் ஒரு முனை அவிழ்ந்ததுபோல் பதினான்கு பேரும் வரிசையாகச் சாய்ந்தார்கள்.

தரையில் ஒரு கையை ஊன்றினால் யாரும் எழுந்துவிடலாம். ஊன்றக் கை இல்லை. இரண்டு கையையும் இரண்டு பக்கத்திலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சபையில் நான் சொன்ன எதையும் அதற்கு முன்னால் யாரும் அவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

"விடாதீங்க! பிடிச்சுக்குங்க!" என்று நான் கத்தினேன்.

குளத்தோர மேடையிலிருந்த காவல் பையன் விசிலை ஊதிக்கொண்டே குதித்தான். "யம்மா, கைய வுடுங்க! கைய வுட்டா தானா நின்னுடுவீங்க! சார், நீ சும்மா இரு சார்!"

நான் உள்ளே ஓடினேன். நாலாவது எட்டில் வழுக்கி முழங்காலில் விழுந்தேன். மூக்குக்கண்ணாடி போய்விட்டது. எழுந்தபோது அலை நின்றிருந்தது. அங்கங்கே இருமல், அழுகை, இருமலோடு சிரிப்பு. மங்கலாகத் தெரிந்த தலைகளை எண்ணினேன். பதின்மூன்று. மறுபடி எண்ணினேன். பதின்மூன்று. வலது கோடியில் இரண்டு பேர் நின்றார்கள். மூன்றாவது இடம் காலி. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் திறந்தேன்.

"இங்கதான் இருக்கேன்" என்றாள் பின்னாலிருந்து. "உங்க கண்ணாடியத் தேடறேன்."

முதலில் கையை உதறியவள் அவள்தானாம். உதறி, தரையில் ஊன்றி எழுந்து, பக்கத்து இரண்டு பேரின் விரல்களையும் பிரித்துவிட்டாளாம். பிறகு பள்ளி ஆசிரியை சொன்னார். கண்ணாடியின் சட்டம் மட்டும் கிடைத்தது, யாரோ மிதித்து வளைந்திருந்தது.

யாருக்கும் அடி இல்லை. காவல் பையன் தலையைத் துவட்டிக்கொண்டே என்னிடம் வந்தான். "இன்னா சார், ரயிலு உட்றியா? ஒரு பொட்டி கவுந்தா எல்லாம் கவுந்துரும்ல?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

இன்று யாராவது என்னைக் கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன். நீச்சல் தெரியாதவன் இடுப்புக்கு மேல் போக வேண்டாம். அந்த இடுப்பையும் அலை வரும்போது அளந்துகொள்ள வேண்டும். காற்றுச் சட்டையை வார் இறுக்கிப் போட வேண்டும். இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். அன்று இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. போதும், சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம் என்று மட்டும் சொன்னேன். எல்லோரும் நிழலுக்குப் போய் எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தார்கள். என் மனைவி மட்டும் நகரவில்லை.

"சட்டைக்கு இருபது ரூபாய் குடுங்க."

"இவ்வளவு ஆனதுக்கு அப்புறமுமா?"

"நான் இன்னும் மெதக்கலையே."

"நான் எப்படிப் பார்த்துக்கறது? எனக்குக் கண்ணே தெரியலை."

"நான் ஒருத்திதான் போறேன். எண்ணிக்கை தப்பாது."

கொடுத்தேன். வார்களை நானே மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். அவள் தனியாக இறங்கினாள். காவல் பையன் மேடையை விட்டு இறங்கி ஓரத்தில் நின்றுகொண்டான். இடுப்பளவுக்குப் போய் அவள் பின்பக்கமாகச் சாய்ந்தாள். எனக்குத் தெரிந்தது ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி. நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வேடிக்கை பார்க்க வந்தவனுக்கு, பார்க்க வேண்டிய ஒன்று தெரியவில்லை.

"கால் தெரியுதாம்மா?" என்று ஆசிரியையைக் கேட்டேன்.

சோற்றுக் கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் மேலதான் இருக்குண்ணே. விரலை ஆட்டிக்கிட்டு இருக்காங்க."

ஒரு நிமிடம் என்றவள் நாற்பது நிமிடம் கழித்து ஏறி வந்தாள்.

வாசலில் வைத்த டியூப் வெயிலில் வெடித்துக் கிடந்தது. பஞ்சர் கடைக்காரர் பதினைந்துக்கு மேல் அறுபது வாங்கிக்கொண்டார். வேனுக்கு இருவர் பங்கு எண்பது. சாமான் வைத்த பெட்டிக்குப் பத்து. புதுக் கண்ணாடிக்கு இருநூற்றுப் பத்து. வேனில் ஈரத் தலையோடு என் தோளில் சாய்ந்திருந்தவளிடம் சுடிதார் விலையை மறுபடி கேட்டேன்.

"துணியும் கூலியும் சேர்த்து நூத்தி எண்பத்தஞ்சு. அடுத்த வருஷமும் இதையே போட்டுக்கலாம், அந்தச் செலவு மிச்சம்" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

இருவர் டிக்கெட்டையும் அவள் காற்றுச் சட்டையையும் சேர்த்து, மொத்தச் செலவு எண்ணூற்று எண்பது ரூபாய்.